வீட்டு நாய்க்கு யார் தலைவர்?

ஊர்ப்பக்கம் போனா இப்பல்லாம் ஒரு விஷயம் கண்ணுல படுது மக்களே. திருவையாறு, பாபநாசம் பக்கம் வயல்காட்டு ஊர்கள்ல கூட லாப்ரடார் நிக்குது. பையன் பெங்களூர்லயோ அமெரிக்காவுலயோ பொட்டி தட்டிட்டு இருப்பான். அப்பா அம்மாவுக்குத் துணையா இருக்கட்டும்னு வாங்கி விட்டுட்டுப் போயிடுவான். போகும்போது ஒரு அட்வைஸ் வேற: "நீங்கதான் தலைவர்னு அதுக்குக் காட்டணும்ப்பா. சொன்ன பேச்சு கேக்கலைன்னா மல்லாக்கப் போட்டு அமுக்குங்க."

எழுபது வயசு மனுஷர் முப்பது கிலோ நாயை அமுக்குறதா? வெளங்கிடும் :-)

இந்த 'தலைவன்' தியரி எங்கேர்ந்து வந்துச்சு? 1947ல ருடால்ஃப் ஷென்கெல்ங்கறவர் ஸ்விட்சர்லாந்துல பாசல் மிருகக்காட்சி சாலையில அடைச்சு வச்ச ஓநாய்களைப் பார்த்து எழுதினது. அதை டேவிட் மெக் 1970ல வந்த தன்னோட புத்தகத்துல எடுத்துச் சொல்லப் போக, உலகம் பூரா பரவிடுச்சு. அப்புறம் அதே மெக், கனடாவுல எல்ஸ்மியர் தீவுல காட்டு ஓநாய்களோடவே பல கோடைக்காலம் இருந்து பார்த்துட்டு, 1999ல வேற மாதிரி எழுதினார். காட்டுல ஓநாய்க்கூட்டம்ங்கறது அப்பா, அம்மா, குட்டிங்க. சண்டை போட்டு யாரும் அங்க தலைவர் ஆகறதில்லை. முன்பின் தெரியாத ஓநாய்களை ஒரே கூண்டுல போட்டா அடிச்சுக்கத்தான் செய்யும். அதை வச்சு நம்ம வீட்டு நாயைப் புரிஞ்சுக்கறது, ஜெயிலைப் பார்த்துட்டு குடும்பம் நடத்தறது எப்படின்னு புத்தகம் போடற மாதிரி.

சரி, அமுக்கினாத்தான் என்ன ஆகும்? 2009ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல இருந்து வந்த ஒரு ஆய்வு, நாய் வளர்க்கிறவங்ககிட்டயே கேட்டுச்சு. அடிச்சவங்க, உதைச்சவங்கள்ல 43 சதவீதம் பேர்கிட்ட நாய் திருப்பி முறைச்சிருக்கு, கடிக்க வந்திருக்கு. மல்லாக்கப் போட்டு அமுக்கினவங்கள்ல 31 சதவீதம்.

நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் புத்தகமே தேவைப்படலை. எங்க பெரியம்மா வீட்டு மணி நாட்டு நாய்தான். திண்ணை வரைக்கும் வரும், நிலைப்படி தாண்டாது. களத்துல நெல்லு காயும்போது சுத்திக்கிட்டுத்தான் போகும். பெரியம்மா குச்சி எடுத்து நான் பார்த்ததே இல்லை. ரெண்டு வேளை சோறு, அதே இடம், அதே தட்டு. உள்ளே கால் வச்சா "ம்ஹூம்"னு ஒரே சத்தம். அந்த வீட்டுல யாரா இருந்தாலும் அதே "ம்ஹூம்"தான். என்னைக் கேட்டா தலைமைன்னா அவ்வளவுதான். எது எப்பக் கிடைக்கும், எது எப்பவுமே கிடைக்காதுன்னு நாய்க்குச் சந்தேகமே வரக்கூடாது.

சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, ஒரே இன்புட்டுக்கு ஒரே அவுட்புட். அப்பா விரட்டுவார், தாத்தா சாப்பிடும்போது இலையில இருந்து ஒரு துண்டு கருவாடு போடுவார்னா அந்த நாய் பிச்சை எடுக்கறதை என்னைக்கும் விடாது. பத்துல ஒரு தடவை கிடைக்கற பழக்கம்தான் விடறதுக்கே கஷ்டம். லாட்டரிச் சீட்டு மாதிரி.

இன்னொண்ணு. லாப்ரடார் நியூஃபவுண்ட்லாந்து பக்கம் குளிர் கடல்ல மீனவர்களுக்கு வேலை பார்த்த நாய் வம்சம். அதைச் சித்திரை வெயில்ல நாள் பூரா தென்னை மரத்துல கட்டிப் போட்டுட்டு, அவுத்து விட்டா ஏறிக் குதிக்குதேன்னா, குதிக்காம என்ன செய்யும்? காலையும் சாயங்காலமும் வாய்க்கால் கரையில நடக்க வைங்க. பாதித் திமிர் அங்கேயே போயிடும்.

உறுமினா அடிக்காதீங்க. உறுமல்தான் அதோட எச்சரிக்கை. அதை அடிச்சு நிறுத்தினா, அடுத்த தடவை சொல்லாம கொள்ளாம கடிக்கும். கடிபடறது அந்த வீட்டுக் குழந்தையாக்கூட இருக்கலாம். அப்புறம் "வெறி பிடிச்ச நாய்"னு பேர் வச்சு, ஆத்தங்கரையில கொண்டு போய் விட்டுட்டு வருவாங்க. சோறு தேடக்கூடத் தெரியாத நாய் அது, எங்க போகும்?

அதனால வாங்கித் தர்ற புண்ணியவான்களே, ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லாரையும் உக்கார வச்சு மூணே மூணு விதி போடுங்க. எங்க படுக்கும், எப்பச் சாப்பிடும், வேண்டாம்னா எந்த வார்த்தை. நடக்கக் கூட்டிட்டுப் போக அப்பாவால முடியுமான்னு அவரையே கேளுங்க. முடியாதுன்னா நாய் வாங்காதீங்க. தினம் ஒரு போன் பண்ணுங்க, அதுவே போதும்.

டிஸ்கி: ரேபிஸ் தடுப்பூசி குட்டிக்கு மூணு மாசத்துல, அப்புறம் டாக்டர் சொல்ற தேதியில. யாரையாவது கடிச்சிட்டா சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பெல்லாம் வேண்டாம்.