மூன்று நிமிஷத்துக்குள் ஒரு கச்சேரி

திருப்பூரில் எந்தத் தெருவில் நின்று காது கொடுத்தாலும் பனியன் மிஷின்களின் ஓசைதான். அதற்கு நடுவே பழைய இசைத்தட்டுகளைக் கேட்பதென்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் தோது. சில வாரங்களாக என்னிடமுள்ள தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு வருகிறேன். கேட்டதில் மனத்தில் தங்கியதை நேயர்களிடம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது!

முதலில் அரக்குத் தட்டுகள். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றுபவை. பத்து அங்குலத் தட்டில், பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் கொஞ்சமும்தான் இடம். நம் சங்கீத வித்வான்களோ ஆலாபனையை ஆரம்பித்தால் அரை மணி நேரத்துக்குக் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். அவர்களைப் போய் மூன்று நிமிஷத்துக்குள் முடிக்கச் சொன்னால்? சிலர் ரெயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் போல் பாடியிருக்கிறார்கள். கேட்கும் நமக்கே மூச்சு வாங்குகிறது.

நாடக மேடையிலிருந்து வந்தவர்களுக்கு இந்தச் சங்கடமே இல்லை. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்று, எடுத்த எடுப்பிலேயே உச்ச ஸ்தாயியைத் தொட்டுப் பழகியவர்கள் அவர்கள். நம் பக்கத்துக் கொடுமுடியில், காவேரிக் கரையில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் தட்டைப் போட்டுப் பாருங்கள். ஊசி கரகரவென்று ஓடுகிறது. அடுத்த கணம் அந்தக் கரகரப்பையெல்லாம் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு குரல் எழும்புகிறது. தேசியப் பாடல்களை மேடையிலும் தட்டிலும் முழங்கிய குரல் அல்லவா? 1932 ஜனவரியில் நம் ஊர்க் குமரன் தடியடி பட்டு உயிர் நீத்த காலத்துக் குரல் அது. நாடகக் கொட்டகைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று தடுக்கப்பட்ட பெண்களும், வீட்டுக்குள்ளிருந்தே அதைக் கேட்க முடிந்தது. இசைத்தட்டு செய்த உபகாரங்களில் இதை நான் முதலாவதாகச் சொல்வேன்.

அடுத்த தட்டு, அவருடைய கணவர் செங்கோட்டை கிட்டப்பாவினுடையது. இதைப் போடும்போது மட்டும் எனக்குக் கை சற்று நடுங்குகிறது. சுந்தராம்பாளை 'ஔவையார்' (1953), 'திருவிளையாடல்' (1965) படங்களில் இன்றைக்கும் நாம் கண்ணாலும் காணலாம். கிட்டப்பாவை அப்படிக் காண வழியில்லை. தமிழில் பேசும் படம் வந்தது 1931-இல். அவர் ஒரு படத்திலும் நடிக்காமலே 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில் போய்விட்டார். மேடையையே ஆட்டிவைத்த அந்தச் சாரீரத்தில் நமக்கு மிஞ்சியிருப்பது, கீழே விழுந்தால் உடைந்துபோகும் இந்த அரக்குத் தட்டுகளில் அடங்கியது மட்டுமே. கைப்பேசியில் கேட்கிறோமே என்பீர்கள். அதுவும் பெரும்பாலும் யாரோ ஒரு வீட்டார் உடையாமல் காப்பாற்றிய தட்டிலிருந்து எடுத்ததுதான்.

பிறகு வந்தது நெடுந்தட்டு. 1948-இல் அமெரிக்காவில் புறப்பட்ட சரக்கு. அரக்குக்குப் பதில் வினைல். ஒரு பக்கத்திலேயே இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். எம். எஸ். சுப்புலட்சுமி பத்து வயதுச் சிறுமியாக 1926-இல் முதல் தட்டுக் கொடுத்தவர். அவரே 1963-இல் வெங்கடேச சுப்ரபாதத்தை நெடுந்தட்டில் பாடினார். அதன் வருமானத்தைத் திருப்பதி தேவஸ்தானத்துக்கே கொடுத்துவிட்டதை அறிவீர்கள். பழைய தட்டில் இது நடந்திருக்குமா? பெருமாள் கண் விழிப்பதற்குள் நாம் ஆறு தடவை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டியிருக்கும்! சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசமும் இப்படித்தான். நெசவுக்குப் பேர் போன நம் சென்னிமலையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் கவசம், வீடு தவறாமல் தினம் ஒலிக்கத் தொடங்கியது இந்த நீளமான பக்கத்தின் தயவால்தான்.

இருந்தாலும் ஒரு வித்தியாசம். சுப்ரபாதம் ஓடும்போது காப்பி கலக்கலாம், இட்லி வார்க்கலாம். சுந்தராம்பாள் தட்டுக்கு அது நடக்காது. மூன்று நிமிஷத்தில் எழுந்து போக வேண்டியிருப்பதால், பக்கத்திலேயே உட்கார்ந்து, பாட்டை மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி நாலு தட்டு கிடக்கலாம். வீட்டை இடித்துக் கட்டும் சமயத்தில் பழைய பேப்பர்க்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல் நிறுத்தி, வெயில் படாமல் வையுங்கள். நெடுந்தட்டு ஊசியால் 78 தட்டைத் தொட வேண்டாம். அதற்கு அகலமான ஊசி தனியாக உண்டு. அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கே கரைந்துவிடும். மெத்தென்ற பருத்தித் துணியால், கோடுகள் ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். நல்ல வேளையாக, பனியன் துண்டுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

நடுவில் பெரிய ஓட்டையுடன் 45 சுற்றில் ஓடும் சின்னத் தட்டுகள் ஒரு கட்டு இன்னும் பிரிக்காமல் இருக்கின்றன. மேலே தெரிவது சீர்காழி கோவிந்தராஜன். அடுத்த வாரம் அவரிடம் போவோம்.