பையன் மக்கு அல்ல!

பையன் நன்றாகப் பேசுகிறான். கேட்ட கதையைத் திருப்பிச் சொல்கிறான். கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வருகிறான். ஆனால், புத்தகத்தைப் பிரித்தால் திணறுகிறான்!

வீட்டில் திட்டு. பள்ளிக்கூடத்தில் "மக்கு" என்று பட்டம்.

அவன் உண்மையிலேயே மக்குதானா?

பெர்சியின் கதை

இங்கிலாந்தில் பெர்சி என்று ஒரு பையன் இருந்தான். வயது 14. ஏழு வயதிலிருந்தே அவனுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனாலும், சின்னச் சின்னச் சொற்களைப் படிக்கவே தடுமாறினான். தன் பெயரையே தப்பாக எழுதினான்.

கண்ணில் கோளாறு இல்லை. அறிவிலும் குறைவு இல்லை. 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால், சட்டென்று சரியாகப் பெருக்கி விடுவான்!

பாடம் முழுவதையும் வாயால் நடத்தினால், பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றார், அவனுடைய வாத்தியார். பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் 1896-ம் ஆண்டில் இதை ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்.

இந்தக் குறைக்கு இன்று "டிஸ்லெக்ஸியா" என்று பெயர்.

மூளையில் என்ன நடக்கிறது?

குழந்தை பேச்சைக் கேட்டே பேசப் பழகுகிறது. படிப்பு அப்படி அல்ல. மனிதன் எழுதத் தொடங்கி சுமார் 5 ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. படிப்பதற்கென்று தனி இடம் பிறக்கும்போதே மூளையில் இல்லை. உருவங்களை அடையாளம் காணும் பகுதி, எழுத்தையும் அடையாளம் காணப் பழக வேண்டும். பிறகு, எழுத்தை ஒலியோடு சேர்க்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு இந்த இணைப்பு எளிதில் ஏற்படுவது இல்லை. அது சோம்பல் அல்ல, திமிரும் அல்ல.

இணைப்பைப் பலப்படுத்த முடியுமா? முடியும்! எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள், அமெரிக்க விஞ்ஞானிகள். பிள்ளைகளின் படிப்பு முன்னேறியது. மூளையின் செயலும் மாறியது. 2003, 2004-ம் ஆண்டுகளில் வெளியான ஆராய்ச்சிகள் இவை.

மணலில் எழுதிய விரல்

எழுத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். வாயால் சொல்ல வேண்டும். காதால் கேட்க வேண்டும். விரலால் எழுத வேண்டும். இதுதான் அந்தப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லித் தரும் முறை. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் எழுதி, உரக்கச் சொல்லித்தானே தாத்தாக்கள் படித்தார்கள்!

வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது, ஒருவனை மட்டும் கவனிக்க முடியுமா என்று ஆசிரியர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், திணறும் பையனை எல்லோர் முன்பும் படிக்கச் சொல்லி அவமானப்படுத்தாமல் இருக்கலாம். பதிலை வாயால் சொல்ல விடலாம். எழுதக் கொஞ்சம் கூடுதல் நேரம் தரலாம். இதற்குப் பணம் வேண்டாம், பொறுமை போதும்.

பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு. முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். குறை அங்கே இல்லை என்றால், படிப்புக் குறையை அறிந்தவர்களிடம் அழைத்துப் போக வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பள்ளிகள் சீக்கிரமே கண்டறிந்து, ஏற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது.

பிரம்பினால் மூளையில் வழி திறக்காது. பையன் தோற்றால், அவனை மாற்றுவதற்கு முன் பாடம் சொல்லும் முறையை மாற்றிப் பார்க்க வேண்டும்!