குறி தப்பாது... ஆள் தப்புவாரா? துப்பாக்கியில் எரியும் சிவப்புப் புள்ளி!

விழுப்புரம்,

மல்லாட்டைக் கொல்லையில் பன்றிக் கூட்டம் புகுந்தால் விடிவதற்குள் பாத்தி பாத்தியாகக் கிளறிப் போட்டுவிடும். கரும்பும் தப்பாது. விதை, உரம், கூலி எல்லாம் மண்ணோடு மண்.

செஞ்சிப் பக்கம் பாக்கம்மலை அடிவாரத்தில் இருந்து திண்டிவனம் வட்டாரம் வரை விவசாயிகள் வாயில் இப்போது ஒரே பேச்சு: "சுடச் சொல்லிட்டாங்களே, இன்னும் ஏன் சுடல?"

இந்தப் பேச்சோடு இன்னொரு பேச்சும் டீக்கடைகளில் அடிபடுகிறது. இருட்டிலும் குறி தப்பாத கண்ணாடி வந்துவிட்டதாம். சிவப்புப் புள்ளி எரியுமாம். புள்ளியை வைத்து விசையை இழுத்தால் போதுமாம்!

இது உண்மையா? பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் போனால் உயிருக்கு ஆபத்து.

அரசு சொன்னது என்ன?

2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டசபையில் அறிவித்தார். காப்புக்காட்டு எல்லையில் இருந்து 1 கி.மீ. வரை காட்டுப்பன்றியைச் சுட அனுமதி கிடையாது. 1 கி.மீ. முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் ஊருக்குள் வரும் பன்றியைச் சுடலாம்.

சுடுவது யார்? வனத்துறையினர்தான்! கிராம நிர்வாக அதிகாரி, ஊராட்சித் தலைவர், வனத்துறை ஊழியர் அடங்கிய குழு பார்த்துச் சொன்ன பிறகே அந்தப் பேச்சு. விவசாயி கையில் யாரும் துப்பாக்கி கொடுக்கவில்லை. பக்கத்து ஊர் வேட்டைக்காரரைக் கூப்பிட்டுச் சுடச் சொல்லவும் இல்லை.

ஆனால் ஊரில் பலர் காதில் விழுந்தது "சுடலாம்" என்ற ஒரு வார்த்தை மட்டுமே. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

சினிமாவில் வருவது வேறு!

படத்தில் கதாநாயகன் நெஞ்சில் ஒரு சிவப்புப் பொட்டு ஓடும். ஜனங்கள் மூச்சைப் பிடிப்பார்கள். அது லேசர். துப்பாக்கியில் இருந்து ஒளிக்கோடு போய் எதிராளி மீதே விழுகிறது. அவர் குனிந்து பார்த்தால் அவருக்கும் தெரியும்.

இப்போது ராணுவத்தில் பரவலாக இருக்கும் 'ரெட் டாட்' அப்படியல்ல. அந்தப் புள்ளி வெளியே போவதே இல்லை. துப்பாக்கி மேல் உட்கார்ந்திருக்கும் சின்னக் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. சுடுகிறவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு. அதன் எதிரே வளைந்த கண்ணாடி. சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பி, மற்ற வெளிச்சத்தை உள்ளே விடும்படி அதற்கு ஒரு பூச்சு. விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டு நேர்கோட்டுக் கதிராகக் கண்ணுக்கு வருகிறது. அதனால் புள்ளி தூரத்தில், இலக்கின் மேலேயே ஒட்டியது போலத் தெரிகிறது. தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் குறி அவ்வளவாக மாறாது.

இதனால் என்ன லாபம்? பழைய துப்பாக்கியில் கண்ணுக்கு மூன்று வேலை. பின்னால் உள்ள பள்ளம், குழல் நுனியில் உள்ள மேடு, தூரத்தில் உள்ள இலக்கு, மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். மனிதக் கண்ணால் மூன்று தூரத்தையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. நாற்பது வயது தாண்டியவருக்குக் கேட்கவே வேண்டாம். சிவப்புப் புள்ளி வந்ததும் மூன்று வேலை ஒரு வேலை ஆகிவிட்டது. ஒரு கண்ணை மூட வேண்டிய அவசியமும் இல்லை.

சாதாரணப் புள்ளி 100 மீட்டர் தூரத்தில் சுமார் 6 செ.மீ. இடத்தை மறைக்கும். ஏறக்குறைய ஒரு எலுமிச்சம்பழம் அளவு!

நூறு வருஷத்துச் சரக்கு

இது நேற்றுப் பிறந்த சாமான் அல்ல. அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொலைநோக்கி செய்து வந்த ஹோவர்ட் கிரப் என்பவர் 1900-ம் ஆண்டிலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானங்களில் இதே தத்துவம் பயன்பட்டது. பேட்டரியில் எரியும் புள்ளியை 1975-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது சுவீடன் நாட்டு 'எய்ம்பாயிண்ட்' நிறுவனம். அப்போது பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்று சில வகைகள் ஒரே பேட்டரியில் 50 ஆயிரம் மணி நேரம் எரிகின்றன.

பேட்டரியே இல்லாத வகையும் உண்டு. டிரிட்டியம் என்ற வாயுவைக் குட்டிக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வைப்பார்கள். சில கைக்கடிகார முள் இருட்டில் மினுமினுப்பது போல அது தானே ஒளிரும். 12 வருஷத்துக்குக் கொஞ்சம் மேலானால் வெளிச்சம் பாதியாகிவிடும்.

நம் நாட்டிலும் இதற்குப் பணம் கொட்டுகிறார்கள். ராணுவத்தின் 7.62 மி.மீ. ரைபிள்களுக்கு இரவுக் கண்ணாடி வாங்க 2025 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சகம் போட்ட ஒப்பந்தம் 659 கோடியே 47 லட்சம் ரூபாய். நட்சத்திர வெளிச்சத்திலேயே 500 மீட்டர் வரை குறி வைக்க உதவும் என்று சொல்லப்பட்டது.

காலியாக இருந்த சிறை!

இத்தனை வசதி இருந்தும் ஒன்று மட்டும் மாறவில்லை. புள்ளி எங்கே இருக்கிறது என்று கண்ணாடி சொல்லும். புள்ளிக்குக் கீழே இருப்பது யார் என்று சொல்லாது.

இதற்கு உலகம் அறிந்த ஒரு கதை உண்டு. 1970 நவம்பரில் வட வியட்நாமில் சோன் டே என்ற இடத்தில் இருந்த சிறை முகாமுக்குள் அமெரிக்க வீரர்கள் நள்ளிரவில் இறங்கினார்கள். தங்கள் நாட்டுக் கைதிகளை மீட்பது நோக்கம். பயிற்சியின்போது இருட்டில் குறி சரியாக விழவில்லை. உடனே கடைச் சரக்காக விற்ற புள்ளிக் கண்ணாடியை வாங்கித் துப்பாக்கியில் பொருத்தினார்கள். குறி கச்சிதமாக விழுந்தது. முகாமையும் பிடித்தார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தால் கைதி ஒருவர்கூட இல்லை! நான்கு மாதத்துக்கு முன்பே வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

குறி பிரமாதம். இருப்பவர் யார் என்ற தகவல்தான் தப்பு. வல்லரசுக்கே இந்தக் கதி என்றால், நம் ஊர் வரப்பில் நிற்கிறவர் எம்மாத்திரம்?

கண் மின்னினால் பன்றியா?

நம் பக்கத்து வழக்கம் வேறு. நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு கொல்லையில் இறங்குவார்கள். வெளிச்சம் பட்டதும் மிருகத்தின் கண் மின்னும். அந்த மினுமினுப்பைக் குறி வைத்துச் சுடுவார்கள்.

பல மிருகங்களின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. அதனால்தான் அந்த மினுக்கு. முயலைத் தேடிப் போகிறவர் வெளிச்சத்தில் மாட்டின் கண்ணும் மின்னும். ஆட்டின் கண்ணும் மின்னும். காவல் நாயின் கண்ணும் மின்னும்.

மனிதன் கண்ணுக்கு அந்தப் படலம் கிடையாது. புதரை ஒட்டி ஓர் ஆள் குந்தியிருந்தால் கண் மின்னாது. "ஒண்ணும் இல்ல" என்று நினைத்துச் சுடுகிற திசையில் ஆள் இருக்கலாம்.

ராத்திரியில் கொல்லையில் யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்கிறவர் விவசாயம் தெரியாதவர். மும்முனை மின்சாரம் வருகிற நேரம் பார்த்துத்தான் மோட்டார் போட முடியும். அது நடுச்சாமமாகவும் இருக்கும். மடை திருப்பக் குனிந்து நிற்கிறவர், காவல் கொட்டகையில் படுத்திருக்கிறவர், வெளிக்குப் போனவர் என்று எத்தனையோ பேர்.

காட்டுப்பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட சம்பவங்கள் தமிழ்நாட்டில் அவ்வப்போது செய்தியாக வருகின்றன. சுட்டவரும் செத்தவரும் பல நேரம் ஒரே ஊர். சில நேரம் கூட வேட்டைக்குப் போனவர்!

"அப்படியானால் வெப்பக் கண்ணாடி வாங்கலாமே?" என்பார்கள். உடம்புச் சூட்டைப் படமாகக் காட்டும் கருவி அது. இருட்டு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மனிதன் உடம்பும் சூடு, பன்றி உடம்பும் சூடு. தூரத்தில் இரண்டும் வெள்ளைத் திட்டுதான். குனிந்து நிற்கிற ஆளையும் பன்றியையும் பிரித்துச் சொல்ல நல்ல பயிற்சி வேண்டும். காத்திருக்கப் பொறுமையும் வேண்டும்.

நாட்டுத் துப்பாக்கிக்கு நகை எதற்கு?

கள்ளத்தனமாகக் கைமாறும் நாட்டுத் துப்பாக்கியில் கரிமருந்தை வாய் வழியாகக் கெட்டித்து, மேலே பால்ரஸ் குண்டுகளைப் போட்டு இடிப்பார்கள். வெடித்ததும் குண்டுகள் விசிறியாகப் பரவும். ஒன்று பன்றியில் பட்டால் நான்கு வேறெங்கோ போகும்.

இதன் தலையில் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி பொருத்தி என்ன பயன்? புள்ளி ஓரிடம், குண்டு ஒன்பதிடம்! மருந்து கொஞ்சம் கூடினால் குழலே பிளந்து சுட்டவர் முகத்தில் அடிக்கும். இணையக் கடையில் ஏர்கன்னுக்கு என்று விற்கும் சாமானைக் கட்டிக்கொண்டு போகிறவருக்குத் துணிச்சல்தான் கூடுகிறது. குறி கூடுவதில்லை.

திறமை கண்ணாடியில் இல்லை என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காக ஏர் ரைபிள் சுட்டவர். அந்தப் போட்டியில் ஒளிப்புள்ளியும் தொலைநோக்கியும் கூடாது. சிறு துளை வழியாகத்தான் பார்க்க வேண்டும். 10 மீட்டர் தூரத்தில் அடிக்க வேண்டிய நடுப்புள்ளி வெறும் அரை மில்லி மீட்டர்!

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தபோதே, வேட்டைக்கு விளக்கு வெளிச்சம் பயன்படுத்த அதில் தடை இருந்தது. சூரியன் மறைந்த பிறகு வேட்டையாடவும் தடை. விளக்கைப் பிடித்துச் சுடுவது நியாயமான வேட்டை அல்ல என்று உரிமம் பெற்று வேட்டையாடிய காலத்திலேயே முடிவு கட்டிவிட்டார்கள். 1991 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிம வேட்டையே போய்விட்டது.

இப்போது காட்டுப்பன்றியை அனுமதி இல்லாமல் சுட்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தப்படி 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. அது தனி வழக்கு.

திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது. பரப்பு 5 ஆயிரத்து 151 ஹெக்டேருக்கு மேல். 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. சரணாலயத்துக்குள் வேட்டை என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு.

"எங்கிட்ட இருக்கறது ஏர்கன் தானே, லைசென்சே வேணாமே" என்று சிலர் சொல்வது உண்டு. குறிப்பிட்ட சக்திக்குள் அடங்கும் .177 ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பது சரி. அதை வைத்துக் கொக்கைச் சுட உரிமை உண்டு என்று யாரும் சொல்லவில்லை!

விவசாயி என்ன செய்வான்?

கொல்லை பறிபோகிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது என்பதும் நியாயம்தான். அரசு அறிவிப்பு காகிதத்தில் இருந்து வரப்புக்கு வரத் தாமதம் ஆக ஆக, திருட்டு மின்வேலியும் நாட்டுத் துப்பாக்கியும் அந்த இடத்தைப் பிடிக்கும். மின்வேலியில் மாட்டிச் செத்த விவசாயிகளின் கதை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல.

எனவே பொறுப்பு முதலில் வனத்துறைக்கு. புகார் வந்தால் குழு எத்தனை நாளில் பார்க்கும், சுட எந்த ராத்திரி வருவார்கள், அன்று கொல்லைக்கு யாரும் போகக்கூடாது என்று ஊரில் தண்டோரா போடுவது யார், எல்லாம் முன்கூட்டியே தெரிய வேண்டும். சுடுகிற இடத்தில் ஆள் இல்லை என்பதை உறுதி செய்வது கண்ணாடி அல்ல, அந்தத் தண்டோராதான்.

விவசாயியின் பங்கு, சேதத்தை உடனே வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கொடுப்பது. இழப்பீடு கேட்கவும் அந்தக் காகிதம்தான் உதவும்.

சிவப்புப் புள்ளி எரிகிறது என்றால் குண்டு போகும் இடம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். போகும் இடத்தில் பன்றி நிற்கிறதா, மடை திருப்பப் போன பக்கத்து வீட்டுக்காரர் நிற்கிறாரா? அதைச் சொல்லும் விளக்கு இன்னும் எந்தத் துப்பாக்கியிலும் எரியவில்லை!