பார்சல் வாங்கினா டிப்ஸ் வைக்கணுமா?

சம்பளத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னு எப்போ வீடியோ போட்டாலும், சாப்பாட்டுச் செலவு பற்றிப் பேச்சு வந்ததும் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுடுவாங்க: "உட்கார்ந்து சாப்பிட்டா சப்ளையருக்கு டிப்ஸ் வைக்கிறேன், சரி. பார்சல் வாங்கினா யாருக்கு வைக்கணும், எதுக்கு வைக்கணும்?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். கட்டாயம் கிடையாது. சதவீதக் கணக்கும் வேண்டாம். ஆனா பார்சல்ல பெரிசா என்ன வேலை இருக்குன்னு நினைச்சு நீங்க வைக்காம இருந்தா, அந்தக் காரணத்தை நான் ஒத்துக்க மாட்டேன்.

ஒரு மதியச் சாப்பாட்டுப் பார்சலையே எடுத்துக்கோங்க. ஒரு மணியிலிருந்து ரெண்டரை வரைக்கும் பார்சல் கவுண்டர்ல நிக்கிறவர் என்ன பண்றார்னு ஒரு தடவை கவனிங்க. சாதம் ஒரு பொட்டலம். சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் எல்லாம் தனித்தனி கவர், பாதி கொதிக்கக் கொதிக்க. அப்புறம் கூட்டு, பொரியல், ஊறுகாய், அப்பளம், மேல ஒரு இலை. ஒரே ஒரு சாப்பாட்டுக்கு எட்டு ஒன்பது அயிட்டம் ஆச்சு. கவர் வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போடறதுல ஒண்ணு லூஸ் ஆனாலும் ரசம் உங்க லேப்டாப் பேக்குக்குள்ள போயிடும். பின்னாடி டோக்கன் வெச்சிருக்கிறவர் "அண்ணே, சீக்கிரம்"னு கத்திட்டு இருப்பார். நடுவுல டெலிவரி பசங்க ரெண்டு பேர் ஆர்டர் நம்பரை நீட்டிட்டு நிப்பாங்க. உள்ளே உட்கார்ந்து சாப்பிடறப்போ, ரெண்டாவது தடவை சாம்பார் ஊத்தறவரோட முகம் நமக்குத் தெரியுது, கை தானா பர்ஸுக்குப் போகுது. கவுண்டர்ல நாம போனைப் பார்த்துட்டு நிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். பல கடைகள்ல சப்ளையருக்கு வர்ற டிப்ஸ்ல இவருக்குப் பங்கும் கிடையாது.

"அதான் பார்சல் சார்ஜ் வாங்கறாங்களே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா அது டப்பாவுக்கும் கவருக்கும் கடை போடற விலை. போறது கல்லாவுக்கு, கட்டினவர் கைக்கு இல்லை. பில்லைப் பாருங்க, அந்தத் தொகையையும் சேர்த்துத்தான் 5% ஜிஎஸ்டி கணக்குப் போட்டிருப்பாங்க. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டுல ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததிலிருந்து டப்பா செலவு ஏறிடுச்சுன்னு கடைக்காரங்க சொல்றாங்க. அதுவும் பொய் இல்லை. நீங்க மிச்சம் பிடிக்கணும்னா இங்க பிடிங்க. தெருமுனைக் கடைதானே, வீட்டுல இருந்து டப்பா எடுத்துட்டுப் போய் பார்சல் சார்ஜை எடுத்துடச் சொல்லுங்க. நம்ம தாத்தாக்கள் தூக்குச்சட்டியோட போய் வாங்கிட்டு வந்தவங்கதான், கூச்சப்பட ஒண்ணும் இல்லை.

கொஞ்சம் பெரிய ரெஸ்டாரன்ட்னா பில்லுல 'சர்வீஸ் சார்ஜ்'னு ஒரு வரி இருக்கலாம். அதை டிப்ஸ்னு நினைச்சு விட்டுடாதீங்க. உணவகங்கள் இதைத் தானாகப் பில்லுல சேர்க்கக் கூடாது, வேற பேர்லயும் வசூலிக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல வழிகாட்டுதல் போட்டது. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2025 மார்ச்சில் தீர்ப்பு ஆணையத்தின் பக்கம் வந்தது. அதனால எடுக்கச் சொல்லலாம், மறுத்தா 1915-க்கு போன் பண்ணிப் புகார் கொடுக்கலாம். அந்தப் பணத்துல எவ்வளவு யார் கைக்குப் போகுதுன்னு பில்லைப் பார்த்து உங்களால சொல்லவும் முடியாது. பார்சல் பில்லுல இந்த வரி இருந்தா இன்னும் வேடிக்கை!

எனக்கு உண்மையிலேயே உறுத்தற விஷயம் வேற. முன்னாடி 185 ரூபாய் பில்லுக்கு 200 கொடுத்தா, மீதி 15-ல பத்து ரூபாயை விட்டுட்டு வருவோம். யாரும் உட்கார்ந்து முடிவு எடுக்கலை, சில்லறைதான் நமக்காக முடிவு எடுத்தது. இப்போ ஜிபே, போன்பே வந்தப்புறம் 185-னா சரியா 185. மீதியே கிடையாது. நாம யாரும் கஞ்சன் ஆகலை, ஆனா கவுண்டருக்குப் பின்னாடி நிக்கிறவருக்கு வந்துட்டிருந்த பத்து ரூபாய் சத்தமில்லாம நின்னு போச்சு. "சரி, 200-ஆ ஸ்கேன் பண்ணிடறேன்"னா, அந்த கியூஆர் முதலாளியோட அக்கவுண்ட். அந்த 15 ரூபாய் அன்னிக்குக் கலெக்ஷனோட கலந்துடும். டிப்ஸ் வைக்கிறதா இருந்தா நோட்டா, கட்டினவர் கையிலயே கொடுங்க.

எவ்வளவு? இங்கதான் நிறைய பேர் வெளிநாட்டு வீடியோ பார்த்துட்டு 15%, 20%-னு குழம்பறாங்க. அமெரிக்காவுல அந்தக் கணக்குக்கு ஒரு காரணம் இருக்கு. டிப்ஸ் வாங்கற ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தா போதும்னு அங்க மத்திய சட்டமே சொல்லுது, 1991-ல இருந்து அந்தத் தொகை மாறவே இல்லை. மீதியை டிப்ஸ்தான் நிரப்பணும். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள்ல மட்டும் முழுக் குறைந்தபட்சச் சம்பளத்தையும் முதலாளியே கொடுத்தாகணும். ஆன்சைட் போறவங்க உட்கார்ந்து சாப்பிட்டா அந்த ஊர் வழக்கப்படி வைங்க. பார்சல் வாங்கும்போது டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினா, அங்கேயும் அது உங்க இஷ்டம்தான். நம்ம ஊர்ல டிப்ஸைக் கழிச்சுட்டுச் சம்பளம் கொடுக்கலாம்னு சட்டம் இல்லை. அதனால அந்தச் சதவீதத்தை இங்க இறக்குமதி பண்ண வேண்டியதில்லை. 900 ரூபாய் பிரியாணியைக் கட்டறதை விட 120 ரூபாய் சாப்பாட்டைக் கட்டறதுலதான் வேலை ஜாஸ்தி, சதவீதம் போட்டா அந்த மனுஷனுக்குத்தான் நஷ்டம்.

என் கணக்கு இது: ரெண்டு இட்லி, ஒரு பொங்கல்னா ஒண்ணும் வேண்டாம். முழுச் சாப்பாடு, டீம்ல பத்து பேருக்கு மொத்தமா ஆர்டர், "சட்னி தனியா, வெங்காயம் இல்லாம"ன்னு நாம படுத்தி எடுத்த நாள், கடை மூடற நேரம், மழை நாள், இதுக்கெல்லாம் 20 ரூபாய். பத்து பேர் ஆர்டர்னா 50. தினம் ஒரே கடைனா தடவைக்குத் தடவை யோசிக்காம மாசம் ஒரு தடவை நூறு கொடுத்துடுங்க.

இப்போ நம்ம சேனலுக்கே உரிய கேள்வி வரும்: அந்தப் பணத்தை எஸ்ஐபி போட்டா? போட்டுப் பார்ப்போம். வாரம் மூணு பார்சல், ஒவ்வொண்ணுக்கும் 20-னா மாசம் 13 தடவை, 260 ரூபாய். வருஷம் 12% வளரும்னு வெச்சுக்கிட்டா பத்து வருஷத்துல சுமார் 60,000. கேட்கப் பெரிசா இருக்கும். ஆனா எந்தச் செலவைப் போட்டாலும் இந்தக் கால்குலேட்டர் பெரிசாத்தான் காட்டும். முதல்ல இதைப் பாருங்க: அதே கடைச் சாப்பாட்டை ஆப்ல போட்டு, கடை போர்டு விலையோட ஒப்பிடுங்க. மெனு விலை, டெலிவரி, பிளாட்ஃபார்ம் ஃபீ எல்லாம் சேர்த்து 60 ரூபாய்தான் வித்தியாசம்னே வெச்சுப்போம், மாசம் 780. 2023-ல 2 ரூபாயா ஆரம்பிச்ச பிளாட்ஃபார்ம் ஃபீ இப்போ பத்தைத் தாண்டிடுச்சு, அதுக்கு யாரும் எஸ்ஐபி கணக்குப் போடறதில்லை. நடந்து போய் வாங்கி, கட்டினவருக்கு 20 கொடுத்தாலும் உங்களுக்கு 40 மிச்சம்.

ஆப்ல வைக்கிற டிப்ஸ் டெலிவரி பண்றவருக்கு, கிச்சன்ல கட்டினவருக்கு இல்லை. மழையில வந்தவருக்குக் கண்டிப்பா வைங்க. ஆர்டர் போடும்போது டிப்ஸ் ஏற்கெனவே டிக் ஆகி இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க, கொடுக்கறது நீங்க எடுத்த முடிவா இருக்கட்டும்.

மாசக் கடைசியில பர்ஸ் காலியா? அப்போ வைக்காதீங்க, கிரெடிட் கார்டுல ஓடிட்டு இருக்கும்போது யாருக்கும் டிப்ஸ் கடன் கிடையாது. சம்பளம் வந்த வாரமே ஒரு 500-ஐ பத்தும் இருபதுமா மாத்தி, மொபைல் கவர்ல நாலு நோட்டு சொருகிடுங்க. காலையில டீக்கடையிலயோ பெட்ரோல் பங்க்லயோ கேட்டா மாத்திக் கொடுப்பாங்க.