காய்ச்சல் இல்லை... வயிற்று நீரை ஏன் பரிசோதிக்க வேண்டும்?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. கல்லீரல் சுருக்க நோய் வந்து, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. இரண்டு நாள்களாகப் பேச்சில் தடுமாற்றம். பகலில் தூங்கி, இரவெல்லாம் விழித்திருக்கிறார். மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். வயிற்று நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள். காய்ச்சலும் இல்லை, வயிற்று வலியும் இல்லை. அவசியமா டாக்டர்?

பதில்: அவசியம்தான். இன்றே சம்மதம் சொல்லுங்கள்.

கல்லீரல் சுருங்கியவர்களுக்குக் குடலின் தடுப்புச்சுவர் பலவீனமாகிவிடும். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கடந்து, வயிற்றில் தேங்கிய நீரில் பெருகலாம். இந்தத் தொற்றில் சிலருக்குக் காய்ச்சலும் வலியும் வரும். சிலருக்கு இரண்டுமே இருக்காது. மனக்குழப்பம், சிறுநீர் குறைவது, மஞ்சள் காமாலை கூடுவது ஆகியவை மட்டுமே தெரியலாம். அதனால்தான் காய்ச்சலுக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஊசி போட்டால் ரத்தம் கொட்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பது மிக அரிது. எடுத்த நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு நியூட்ரோஃபில் வெள்ளை அணுக்கள் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால், தொற்று இருப்பதாகக் கொண்டு சிகிச்சை தொடங்கிவிடுவோம். கல்ச்சர் முடிவு வரச் சில நாள்களாகும். பலருக்கு அதில் கிருமியே வளராது. அதுவரை காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

செஃபோடாக்சிம் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தை நரம்பு வழியாக 5 முதல் 7 நாள்கள் கொடுப்போம். கூடவே ஆல்புமின் ஏற்றச் சொல்வார்கள். முதல் நாள் உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம் என்பது வழக்கமான அளவு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 90 கிராம், பிறகு 60 கிராம். விலை அதிகம்தான். ஆனால், இந்தத் தொற்றில் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்தை அது குறைக்கிறது. கட்டுப்படியாகவில்லை என்றால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நீங்களாக வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள்.

குணமானாலும் இந்தத் தொற்று திரும்ப வரக்கூடியது. அதைத் தடுக்க மாத்திரை எழுதிக் கொடுத்தால், இடையில் நிறுத்தக் கூடாது. கல்லீரல் மாற்று சிகிச்சை பொருந்துமா என்றும் இப்போதே கேளுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். மது ஒரு சொட்டும் கூடாது.

வீட்டுக்குப் போன பிறகு பேச்சிலோ தூக்கத்திலோ சிறுநீரிலோ திடீர் மாற்றம் தெரிந்தாலும், ரத்த வாந்தி எடுத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.