உயிரோடிருக்கும்போதே கருமாதி

ஜப்பானுக்குப் போய் வந்தவர்கள் எழுதும் பிரயாணக் கட்டுரைகளில் ஒரு விஷயம் தவறாமல் வந்துவிடுகிறது. செத்துப்போன மிருகங்களுக்குக்கூடக் கல் நாட்டிப் பிரார்த்தனை செய்கிறார்களாம். அப்படி ஒரு மென்மையான மனமாம். டோக்கியோவின் உயெனோ பூங்காவில் ஒரு பகல் பொழுதைக் கழிக்கும்வரை நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

காலையில் நண்பரும் நானும் தோஷோகு ஆலயத்துக்குப் போனோம். வழி நெடுகக் கல்விளக்குகள். கோடியில், 1651-ல் எடுத்துக் கட்டிய தங்க ரேக்குச் சந்நிதி. அங்கே தெய்வமாக இருப்பவர் டொகுகவா இயெயாசு. போரிட்டு நாட்டைப் பிடித்தவர், இறந்த பிறகு தெய்வப் பட்டம் பெற்றவர். கொஞ்சம் தள்ளி, சிவப்பு வாயில்கள் அடுக்கடுக்காய் நிற்கும் இனாரி கோயில். அப்புறம் ஷினோபாசு குளத்து நடுவில் பென்தென். பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய்ச் சேர்ந்த நம் சரஸ்வதிதான் அவள். கும்பிட்டுவிட்டு மிருகக்காட்சிசாலைக்குள் நுழைந்தோம். 1882-ல் திறந்தது. பழைய ஐந்தடுக்குக் கோபுரம் ஒன்று அதன் வேலிக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டு நிற்கிறது.

உள்ளே அந்தக் கல்லும் இருந்தது. நண்பர் கண் கலங்கிக் குனிந்து வணங்கினார். எனக்குக் குனிய மனம் வரவில்லை.

காரணம் சொல்கிறேன். 1943 ஆகஸ்டில், டோக்கியோவின் கவர்னராயிருந்த ஓடாச்சி ஷிகெயோ, ஆபத்தான மிருகங்களையெல்லாம் கொல்லும்படி உத்தரவிட்டார். யானைகள் மூன்று. ஜான், டோங்கி இரண்டும் 1924-ல் நம் நாட்டிலிருந்து போனவை. வான்ரி சயாமிலிருந்து வந்தது. உணவை நிறுத்திப் பட்டினி போட்டார்கள். ஜான் ஆகஸ்ட் 29-ல் செத்தது. செப்டம்பர் 4-ந் தேதி, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, பிக்ஷுக்கள் மந்திரம் ஓத, அஞ்சலிச் சடங்கு நடந்தது. அன்று வான்ரியும் டோங்கியும் உயிரோடு இருந்தன! திரை கட்டி மறைத்துவிட்டார்கள். வான்ரி 11-ந் தேதி வரை கிடந்தது. டோங்கி தன் கருமாதிக்குப் பிறகு பத்தொன்பது நாள் பசித்திருந்து 23-ந் தேதி செத்தது. பராமரிப்பவர்களைக் கண்டதும், பழக்கின வித்தைகளைச் செய்து காட்டித் தீனி கேட்டது என்கிறார்கள்.

"யுத்தமய்யா! குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊர் என்ன ஆவது?" என்றார் நண்பர்.

புலிக்கு அந்த வாதம் பொருந்தலாம். ஆனால் டோங்கியை ஏற்றுக்கொள்ள செண்டாய் நகர மிருகக்காட்சிசாலை தயாராக இருந்தது. கவர்னர் கூடாதென்று தடுத்துவிட்டார். டோக்கியோவின் மீது பெரிய குண்டுவீச்சுகள் தொடங்கியதோ 1944 நவம்பரில். போரின் கடுமையை ஜனங்கள் உணரட்டும் என்றே இதைச் செய்தார் என்று ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். பிள்ளைகளை அழவைக்க வேண்டியிருந்தது, அழவைத்தார்கள். பகவான் புத்தரையும் அந்தக் காரியத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பிறகு 1951-ல் யுகியோ ட்சுச்சியா என்பவர் இதைக் குழந்தைக் கதையாக எழுதினார். அதில் குண்டுமழை பொழிந்துகொண்டிருக்கிறது. வேறு வழியே இல்லாமல் யானைகள் சாகின்றன. தலைமுறை தலைமுறையாக வாசித்து அழுதார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு தேதியை நகர்த்தினால் எத்தனை கண்ணீர் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். எந்தப் பாவியின் முகமும் தெரியாமல் போய்விடும் என்பதும் தெரியும். யுத்தம் கொன்றதாம்! யுத்தத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?

1949-ல் டோக்கியோக் குழந்தைகள் கேட்டதற்காக, நேரு தம் மகள் பெயரிட்ட இந்திரா என்ற மைசூர் யானையை அனுப்பிவைத்தார். அது 1983 வரை உயெனோவில் இருந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதே 1949-ல் குழந்தைகளை ரயிலேற்றி நகோயாவுக்கு யானை பார்க்க அழைத்துப் போனார்களே, அதை நம் பிரயாணிகள் ஏன் எழுதுவதில்லை? அங்கேயும் யுத்தம்தான், அங்கேயும் பஞ்சம்தான். ஆனாலும் அங்கே மிருகக்காட்சிசாலைக்காரர்கள் பிடிவாதமாகக் காப்பாற்றியதால் இரண்டு யானைகள் பிழைத்துக்கிடந்தன.

சாயங்காலம் விடுதிக்குத் திரும்புகையில், "நாளைக்கு எந்தக் கோயில்?" என்று கேட்டார் நண்பர்.

"நகோயாவுக்கு டிக்கெட் வாங்குங்கள்" என்றேன்.