பூட்டிய வீடும் பேட்டரிக் கணக்கும்

ஒற்றசேகரமங்கலம், பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் போனால் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்க்காமல் வரமுடியாது. பிள்ளைகள் எல்லாம் நம்மைப்போல வளைகுடாவிலோ அதற்கும் அப்பாலோ. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் ஆளில்லாத வீடுகள் சுமார் 12 லட்சம்!

லீவில் போகும்போது நம்மில் பலர் ஒரு காரியம் செய்கிறோம். கதவுக்கும் ஹாலுக்கும் வயர்லெஸ் சென்சார் மாட்டிவிட்டு நிம்மதியாக விமானம் ஏறுகிறோம். பிராண்டைப் பற்றி ஒரு மாதம் விசாரிப்போம். உள்ளே போடும் பேட்டரி மட்டும் முக்குக் கடையில் கிடைத்தது. என்னைக் கேட்டால் இது தலைகீழ். பேட்டரி தீர்ந்த சென்சாரும் பிரீமியம் கட்டாத பாலிசியும் ஒன்றுதான். இருப்பது போலத் தெரியும், வேண்டிய நேரத்தில் உதவாது.

கையேட்டில் சொன்ன வகையை மாற்றக்கூடாது. அதுதான் முதல் விதி. சிறிய கதவு சென்சார்களில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற காசு வடிவ லித்தியம் செல். 3 வோல்ட், சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. ஆள் நடமாட்டத்தைக் காட்டும் சென்சார்களில் பலதும் சிஆர்123ஏ கேட்கும். அதுவும் 3 வோல்ட்தான், ஆனால் கொள்ளளவு சுமார் 1500. இதே அளவில் சார்ஜ் செய்யும் லித்தியம்-அயன் செல்லும் கிடைக்கிறது. முழு சார்ஜில் அது 4.2 வோல்ட் வரை போகும். மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைப் போட்டால் சென்சாரே போய்விடலாம்.

பென் டார்ச் செல், அதாவது ஏஏ, போடும் சென்சார் என்றால் மூன்று வழி. ஆல்கலைன் விலை குறைவு. ஆனால் தீர்ந்தபின் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் கசிந்து தகட்டை அரித்துவிடும். சார்ஜ் செய்யும் நிக்கல் செல் 1.2 வோல்ட்தான், சில சென்சார்கள் புது செல்லையே 'தீரப்போகுது' என்று சொல்லும். சார்ஜ் போட ஆளும் வேண்டும். 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ விலை அதிகம், ஆனால் நாள்பட உழைக்கும், கசிவு அபூர்வம். கையேடு அனுமதித்தால் பூட்டிய வீட்டுக்கு என் ஓட்டு இதற்கே. ஒரு குறை உண்டு. கடைசிவரை வோல்டேஜ் குறையாமல் நின்று, பிறகு சட்டென்று விழும். எச்சரிக்கைக்கும் மரணத்துக்கும் இடைவெளி குறைவு.

அதனால் எச்சரிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். வருஷம் ஒருமுறை ஊருக்குப் போகிறீர்களா? போன மறுநாளே எல்லா செல்லையும் ஒன்றாக மாற்றி, தேதியை எழுதி ஒட்டுங்கள். பழையதும் புதியதும் கலக்கக்கூடாது. பாதி உயிருள்ள செல்லைக் கழற்றுவது வீண்செலவு என்று காமர்ஸ் மூளை சொல்லும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வீட்டையே ரிஸ்கில் வைப்பதை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இங்கிருந்து வாங்கிப் போனால், தனி லித்தியம் செல்களைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் அட்டைக்குள்ளேயே இருக்கட்டும். காசு செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். கழற்றியதை மேசையில் போட்டு வைக்காதீர்கள்.

பெற்றோர் தனியே இருக்கும் வீட்டில் கணக்கு வேறு. செல் தீரும்போது ராத்திரி கீ கீ என்று கத்தும். 'மக்களே, சத்தம் தாங்கல, கழட்டி வச்சிட்டேன்' என்று ஒரு நாள் போன் வரும். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஸ்டூலில் ஏறாமல் கை எட்டும் உயரத்தில் மாட்டுவதும், பக்கத்து வீட்டுத் தம்பிக்கு மாற்றக் கற்றுக்கொடுப்பதும் நம் வேலை.

எவ்வளவு நல்ல செல் போட்டாலும் சென்சார் தகவல்தான் சொல்லும், ஓடிப்போய்ப் பார்க்க ஆள் வேண்டும். கேரள போலீசின் போல்-ஆப்பில் பூட்டிய வீட்டைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. நகையை லாக்கரில் வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2021 உத்தரவுப்படி, வங்கியில் திருட்டோ தீயோ நடந்தால் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை. உங்கள் நகை அதைவிட மதிப்பு என்றால் தனியாக இன்சூரன்ஸ் எடுங்கள்.

அடுத்த லீவுக்கு டிக்கெட் போடும்போதே வீட்டில் எத்தனை சென்சார், எந்த செல் என்று ஒரு துண்டுச்சீட்டில் குறித்து பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுங்கள். சாக்லேட் லிஸ்டை மறக்காதவர்கள் இதையும் மறக்க மாட்டீர்கள் :-)